ஞகரம் இருந்த இடம்

"உன் செயலி பொய் சொல்லுது" என்றார் ரொசமேல் சிகுவாய்.
தொலைபேசியில் அவருக்குப் பின்னால் மழை.
வற்றம் ஆறு மணிக்கு என்று காட்டியதாம்.
கடல் ஐந்துக்கே வற்றி முடித்து
திரும்பத் தொடங்கிவிட்டது.
போய்ச் சேர்ந்தபோது மட்டிப் படுகைமேல்
முழங்கால் தண்ணீர்.
அரை வாளிதான் தேறியது.

கடிகாரத்தை முன்னே தள்ளும் நாளை
சிலே அரசாங்கம் மூன்று வாரம் ஒத்திப்போட்டிருந்தது.
செயலிக்கு யாரும் சொல்லவில்லை.

திருத்த ஒரு வரி போதும்.
ஆனால் அந்த ஒரு வரிக்கும் முத்திரை வேண்டும்.
முத்திரை சாவிப்பேழைக்குள்.
பேழையின் கடவுச்சொல்லோ
ஆறு வருடம் முன்பு எதுவினா தானே வைத்தது,
தானே இரண்டு தரம் தட்டியது,
எங்கேயும் எழுதிவைக்காதது.

பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்
என்று எல்லோரிடமும் சொல்லலாம்.
கெம்ச்சிக் கரையில் முந்நூற்றுப் பன்னிரண்டு கைபேசிகள்.
ஒவ்வொன்றிலும்
உடன்பிறந்தவனுக்கும் காட்டாத படுகைகள்
பெயர் சூட்டிக் கிடக்கின்றன:
'செத்த குதிரைக்குக் கீழே', 'என் பாறை',
'ஞாயிறு மட்டும்'.
அழித்தால் அவையும் போகும்.

பதினான்கு வரியில் ஒரு நிரல் எழுதினாள்.
படித்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.
ஒரு பட்டியலில் சொற்கள்,
ஒன்றில் ஆண்டுகள்,
ஒன்றில் வால்கள்: புள்ளி, ஆச்சரியக்குறி, ஒன்று இரண்டு மூன்று.
எதையும் எதோடும் கோத்துப் பேழையைத் தட்டு;
திறக்காவிட்டால் அடுத்தது.

சொற்களை எழுதும்போதுதான் கூசியது.
முன்பு இருந்த ஒருத்தியைப் பற்றி
போலீசுக்கு வாக்குமூலம் கொடுப்பதுபோல.
நாயின் பெயர். அதற்கு முந்தைய நாயின் பெயர்.
கட்டி முடிக்காத கடனின் எண்.
எலியசரின் பெயரையும் சேர்த்தாள்,
சின்ன எழுத்தில்.
ஜன்னலில் தெரியும் படகுகளின் பெயர்களையும்.

தட்டுக்கு அரை நொடி. நாற்பத்தோராயிரம் தட்டு.
ஐந்தே முக்கால் மணி நேரம்,
ஒரு வற்றத்தின் நீளம்.

ஓட விட்டாள்.
திரையில் இல்லை, இல்லை, இல்லை.
வெளியே நீர் இறங்கியது.
படகுகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் உட்கார்ந்தன.
எலியசர் இல்லை என்று வந்தபோது
கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.
நீர் முழுதும் போனபோது
சொற்களும் தீர்ந்துபோயிருந்தன.

அடுப்பில் ஈர விறகு புகைந்தது.
எதிரே 'தோஞா எல்பா' ஒருக்களித்துக் கிடந்தது.
அன்றும் இதே ஜன்னல், இதே படகு.
இதுவாகத்தான் இருக்க வேண்டும்.
ஆனால் பட்டியலில் இருக்கிறதே,
இருபத்து மூன்றாவதாய்.

அவர்கள் மொழியில் ஞகரத்துக்குத் தலையில் ஓர் அலை உண்டு.
உப்புக் காற்றில் படகின் அலை உதிர்ந்து
'தோனா' என்றே பாதிப் பேர் படிக்கிறார்கள்.
விசைப்பலகையைப் பார்த்தாள்.
சால்மன் பண்ணைக் கனடாக்காரன் விற்றுவிட்டுப் போன கணினி.
ஞகர விசைமேல் அவள் பிறகு ஒட்டிய காகிதம்.
நகத்தால் சுரண்டினாள்.

அடியில் ஓர் அரைப்புள்ளி.

அப்போது மொழியை மாற்றத் தெரிந்திருக்கவில்லை.
விரல் பழக்கத்தில் ஞ-வை அடித்தது,
இயந்திரம் அரைப்புள்ளியை வாங்கிக்கொண்டது.
திரையில் எல்லாமே கரும்பொட்டு.
மறுபடி தட்டு என்று கேட்டது;
மறுபடியும் அதே பிழை.
பிழையும் பிழையும் பொருந்தியதால்
சரி என்றது.

பதினைந்தாவது வரி: ஞ இருந்தால், அங்கே அரைப்புள்ளி.
தேநீர் கொதிப்பதற்குள் பேழை திறந்தது.
கத்தத் தோன்றியது. வீட்டில் ஆள் இல்லை.
நாயிடம் சொன்னாள்,
தானும் பட்டியலில் இருந்தது அதற்குத் தெரியாது.

ஒரு மணி நேரத்தைக் கழித்து, முத்திரையிட்டு, அனுப்பினாள்.
விடியுமுன் ரொசமேலிடமிருந்து செய்தி:
"இப்போ சரி.
அரை வாளி பாக்கி."